அமால்ஃபி கரையோரம் ஒரு நாள், தனிப் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போய் வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாங்கள் போனது ஆறு பேர், செப்டம்பர் மாதம். அதில் என் மாமியாரும் ஒருவர். வயது 68, நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். அவரை மனதில் வைத்தே பல பதில்களை எழுதியிருக்கிறேன்.

கரையில் நின்றே பார்க்கலாமே, படகு எதற்கு?

இந்தக் கரைக்கு முகம் கடல் பக்கம்தான். லத்தாரி மலைத்தொடர் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் இடம் இது. அமால்ஃபி, பொசித்தானோ எல்லாம் பல நூற்றாண்டுகள் கடல் வழியாகவே உலகத்தோடு பேசின. மலையைக் குடைந்து வண்டிப்பாதை போட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை எலுமிச்சைக்கூடை இறங்கியதும் உப்பும் துணியும் ஏறியதும் படிக்கட்டும் படகும் வழியாகத்தான். அதனால் வீடுகளின் சன்னல், தேவாலயத்தின் குவிமாடம், காவல் கோபுரம் எல்லாமே கடலைப் பார்த்து நிற்கின்றன.

சாலையில் போனால் என்ன தெரியும்? முன்னால் போகும் பேருந்தின் முதுகு தெரியும். எஸ்எஸ் 163 என்கிற அந்தச் சாலை அவ்வளவு குறுகல். கூட்டம் மிகுந்த மாதங்களில் சுற்றுலா வண்டிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விடுகிறார்கள். சாலையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பொசித்தானோ மலைமேல் அடுக்கிய கொலுப்படி மாதிரி தெரிய வேண்டும் என்றால், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளிக் கடலில் நிற்க வேண்டும்.

தனிப் படகு என்றால் எது? சொகுசுக் கப்பலா?

இல்லை. பெரும்பாலும் ‘கோட்ஸோ’ என்கிற உள்ளூர்ப் படகு. முன்பு மீன்பிடிக்க மரத்தில் கட்டியது. இப்போது பெரும்பாலும் ஃபைபரில் வருகிறது. எட்டு, ஒன்பது மீட்டர் நீளம். முன்பக்கம் படுத்துக்கொள்ள ஒரு மெத்தை, நடுவில் நிழலுக்கு ஒரு துணிக்கூரை, பின்னால் ஏணி, உப்பைக் கழுவ ஒரு சின்ன ஷவர். ஆறு பேர் வசதியாக உட்காரலாம். வேகம் குறைவு, அடிப்பாகம் கனமானது. அதனால் துள்ளாது, மெல்ல ஆடும்.

‘கொம்மோனே’ என்கிற காற்று ரப்பர் படகு இன்னொரு வகை. வேகமானது, ஆனால் அலையில் முதுகைப் பதம் பார்க்கும். வயதானவர்கள் கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கோட்ஸோதான்.

ஏறும் இடத்தில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும். செருப்பு, ஷூ எல்லாம் அதில் போட வேண்டும். நாள் முழுக்க வெறுங்கால்தான். மாமியாருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. “கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்கு” என்றார்.

எவ்வளவு செலவாகும்?

மாலுமியோடு கோட்ஸோ ஒரு முழு நாள், அதாவது ஏழு எட்டு மணி நேரம், கிட்டத்தட்ட 700 முதல் 1,200 யூரோ. ஜூலை, ஆகஸ்டில் இதற்கு மேலும் போகும். பளபளப்பான வேகப் படகு என்றால் இரண்டு மடங்கு சாதாரணம். வாடகை தலைக்கு அல்ல, படகுக்கு. அதனால் இரண்டு பேர் போனால் கை சுடும். ஆறு பேராகப் பகிர்ந்தால் தாங்கும். அரை நாள் எடுத்தால் பாதிக் காசு என்று கணக்குப் போடாதீர்கள், முக்கால்வாசி ஆகும்.

எங்களுக்கு ஒரு கசப்பு நடந்தது. இணையத்தில் ஓர் இடைத்தரகரிடம் பதிவு செய்தோம். “எல்லாம் உள்ளடக்கம்” என்றுதான் போட்டிருந்தது. காலை ஒன்பது மணிக்குத் துறையில் போய் நின்றால், டீசலுக்குத் தனியாக 150 யூரோ என்கிறார்கள். பையை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு நிற்கும்போது யார் வாதாடுவது? கொடுத்தோம். ஆகவே பதிவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: எரிபொருள் சேர்த்தியா? 22 சதவீத வரி சேர்த்தியா? காப்ரி தீவில் இறங்கினால் துறைக்கட்டணம் யாருடையது? தண்ணீரும் துண்டும் உண்டா? இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் பதிலாக வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

எந்த மாதம் போகலாம்?

படகுகள் பொதுவாக ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஓடும். என் வாக்கு செப்டம்பருக்கு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 25 டிகிரி பக்கம் இருக்கும்; கூட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மே மாதம் மலை பச்சையாக இருக்கும், ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் சிலிர்க்கும்; நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அது குளிர்தான். ஆகஸ்டு 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை நாள். அந்த வாரம் கடலிலும் நெரிசல்.

எங்கிருந்து ஏறுவது?

எங்கே தங்குகிறீர்களோ அங்கிருந்து. பொசித்தானோ, அமால்ஃபி, ப்ரயானோ, சொரென்டோ, சலேர்னோ எல்லா இடத்திலும் படகு கிடைக்கும். நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் சொரென்டோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சலேர்னோவுக்கு ரோமிலிருந்து நேரடி ரயில் உண்டு. பணத்தைப் பார்த்துச் செலவு செய்பவர்கள் அங்கே தங்குவது நல்லது. சொரென்டோ மட்டும் இந்தக் கரை இருக்கும் தீபகற்பத்தின் மறுபக்கம் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். அங்கிருந்து காப்ரி பக்கம், அமால்ஃபி தூரம்.

ஒரே நாளில் காப்ரி, அமால்ஃபி, பொசித்தானோ மூன்றையும் பார்த்துவிடலாமா?

விற்பவர்கள் “பார்க்கலாம்” என்பார்கள். செய்யாதீர்கள். மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஏதாவது ஒரு திசை. மூன்றையும் அடைத்தால் என்ஜின் சத்தத்திலேயே நாள் போய்விடும், நிறுத்திக் குளிக்க நேரம் இருக்காது. தனிப் படகு எடுப்பதே “இங்கே நிறுத்துங்க” என்று சொல்லத்தானே.

மேற்குத் திசையில் என்ன இருக்கிறது?

பொசித்தானோவிலிருந்து கிளம்பினால் முதலில் லி கல்லி என்கிற மூன்று குட்டித் தீவுகள். கிரேக்க இதிகாச நாயகன் ஒடிஸியஸைப் பாட்டால் மயக்கப் பார்த்த சைரன்கள் என்கிற கடல் மோகினிகள் இங்கேதான் இருந்தார்கள் என்பது பழைய நம்பிக்கை. சிரெனூசே என்று இன்னொரு பெயரும் அதனால்தான். 1920களில் ரஷ்ய நடனக் கலைஞர் லியோனித் மாசின் வாங்கினார்; பிற்பாடு இன்னொரு ரஷ்ய நடன மேதை ருடால்ஃப் நுரெயெவ் கைக்கு வந்தது. இன்றும் தனியார் சொத்து. இறங்க முடியாது, பக்கத்தில் நிறுத்தி நீந்தலாம்.

அப்புறம் நெரானோ விரிகுடா, அதைத் தாண்டி யெரான்டோ. அதையடுத்து தீபகற்பத்தின் மூக்கு நுனியான புன்டா கம்பனெல்லா. இந்த வட்டாரம் 1997 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. அடியில் பொசிடோனியா என்கிற கடல்புல் வெளி இருக்கிறது. மீன்குஞ்சு வளர்வது அதில்தான். நங்கூரம் விழுந்தால் வேரோடு பெயர்ந்துவிடும், மறுபடி வளர ஆண்டுக்கணக்கு ஆகும். அதனால் சில இடங்களில் படகு நுழையவே கூடாது, சில இடங்களில் மிதவையில்தான் கட்ட வேண்டும். மாலுமி “அங்கே போக முடியாது” என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

முனையிலிருந்து காப்ரி ஐந்து கிலோமீட்டர். இந்தச் சின்ன நீரிணையில்தான் அலை கொஞ்சம் தூக்கும். காப்ரியின் தென்கிழக்கே ஃபரலியோனி என்கிற மூன்று பாறைகள். உயரமானது 100 மீட்டருக்கு மேல். நடுப்பாறையில் ஒரு வளைவு. படகு அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும். அடியில் போகும்போது முத்தம் கொடுத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். எங்கள் படகில் எல்லோரும் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாறையைப் பார்த்தோம். கடைசிப் பாறையில் நீல நிறப் பல்லி வகை ஒன்று வாழ்கிறதாம். எங்கள் கண்ணில் படவில்லை.

காப்ரியின் நீலக் குகைக்குள் போகலாமா?

போகலாம், ஆனால் உங்கள் படகில் அல்ல. குகை வாயின் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். வெளியே உங்கள் படகை நிறுத்திவிட்டு, நான்கு பேர் கொள்ளும் துடுப்புப் படகுக்குக் கடல் நடுவிலேயே மாற வேண்டும். பிறகு மல்லாந்து படுக்க வேண்டும். படகோட்டி பாறையில் கட்டிய சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் நொடியில் ஒரே இழுப்பு. உள்ளே இருட்டு, ஆனால் கீழே தண்ணீர் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி எரியும். வாய்க்குக் கீழே, நீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. சூரிய ஒளி அதன் வழியாகத் தண்ணீரில் வடிகட்டி வருவதால்தான் அந்த நீலம். ரோமானியர் காலத்துச் சிலைகள் இதன் அடியில் கிடைத்திருக்கின்றன.

கட்டணம் தலைக்குச் சுமார் 18 யூரோ, படகோட்டி இனாம் கேட்பார். உள்ளே இருப்பது ஐந்து நிமிடம். கோடையில் அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் மிதக்க நேரலாம். அலை கொஞ்சம் கூடினாலும் மூடிவிடுவார்கள். மூட்டு வலி உள்ளவர்கள் இந்தப் படகு மாற்றத்தை நன்றாக யோசிக்க வேண்டும். நாங்கள் வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டோம், வருத்தமில்லை. காப்ரியைச் சுற்றிப் பச்சைக் குகை, வெள்ளைக் குகை என்று வேறும் இருக்கின்றன. வரிசையும் கிடையாது, காசும் கிடையாது.

கிழக்குத் திசை?

எனக்கு இதுதான் பிடித்தது. காப்ரி புகழ் இல்லாததால் கொஞ்சம் அமைதி. ப்ரயானோவைத் தாண்டியதும் ஃபுரோரே: மலை இரண்டாகப் பிளந்த ஒரு சந்து, அதன் குறுக்கே சுமார் 30 மீட்டர் உயரத்தில் சாலைப் பாலம். கோடையில் அந்தப் பாலத்திலிருந்து கடலுக்குள் குதிக்கும் போட்டி நடப்பதுண்டு. அடுத்து கொன்கா தேய் மரீனி. அங்கே மரகதக் குகையை 1932இல் ஒரு மீனவர் கண்டுபிடித்தார். பாறை உச்சியில் வெள்ளையாகத் தெரிவது பழைய சாந்தா ரோசா கன்னிமடம். நேப்பிள்ஸ் பக்கம் எல்லாப் பேக்கரியிலும் அடுக்கியிருக்கும் ஸ்ஃபொல்யதெல்லா என்ற மொறுமொறு இனிப்பு அந்த மடத்து அடுப்படியில் பிறந்தது என்பார்கள்.

பிறகு அமால்ஃபி. இன்று பத்து நிமிடத்தில் நடந்து முடிக்கும் ஊர். ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பீசாவோடு சரிசமமாக நின்ற கடல் குடியரசு. பீசாக்காரர்கள் 1135இலும் 1137இலும் வந்து சூறையாடினார்கள். 1343 நவம்பரில் கடல் பொங்கி ஊரின் கீழ்ப்பகுதியைக் கொண்டுபோனது. நேப்பிள்ஸில் அதே சீற்றத்தைக் கண்ட கவிஞர் பெத்ரார்க் அதை எழுதி வைத்திருக்கிறார். ஸ்ட்ரோம்போலி எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்ததால் எழுந்த ஆழிப்பேரலையாக இருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2004க்குப் பிறகு நமக்கு இதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஒட்டினாற்போல அத்ரானி. பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி. மொத்தம் 30 ஏக்கர்தான், நம் பக்கத்தில் ஒரு நடுத்தர விவசாயியின் தோப்பைவிடக் கொஞ்சம் பெரிது. மினோரி, மயோரி ஊர்களுக்கு மேலே எலுமிச்சைத் தோட்ட அடுக்குகள். ஸ்ஃபுசாத்தோ என்கிற நீளமான எலுமிச்சை, நம் நார்த்தங்காய் அளவு வரும். அந்தக் காலத்தில் பெண்கள்தான் மூட்டையை முதுகில் சுமந்து படியிறங்குவார்கள். சிற்றெறும்புகள் என்ற பொருளில் ‘ஃபொர்மிகெல்லே’ என்று அவர்களுக்குப் பெயர்.

நேரம் இருந்தால் செத்தாரா வரை போங்கள். நெத்திலியை உப்பில் அடுக்கி, மாதக்கணக்கில் வைத்து, சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் ஒரு சாறு அந்த ஊரின் பெருமை, கொலத்தூரா. ஒரு கரண்டி போதும், பாஸ்தா முழுக்க மணக்கும். கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன?

கவலை வேண்டாம். நெரானோவின் பெயர்போன சாப்பாடே சைவம்: வறுத்த சீமைச் சுரைக்காயும் சீஸும் துளசியும் சேர்த்த ஸ்பகெட்டி. கடலோர உணவகங்கள் சின்னப் படகை அனுப்பி, உங்கள் படகிலிருந்தே கூட்டிப் போகும். முன்பதிவை மாலுமியே தொலைபேசியில் செய்துவிடுவார். தக்காளியும் மொத்ஸரெல்லா சீஸும் சேர்ந்த காப்ரி சாலட், கத்திரிக்காய் அடுக்கு, பீட்சா எல்லாம் உண்டு. “செந்ஸா கார்னே, செந்ஸா பெஷே” என்றால் கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். ஒரு விஷயம்: அங்குள்ள பழம்பெரும் சீஸ்கள் பலவற்றில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். கண்டிப்பான சைவர்கள் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

சிக்கனமாக முடிக்க வேண்டுமா? ரொட்டி, பழம், தக்காளி வாங்கிப் படகின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். கடலோர உணவகத்தில் ஆறு பேர் சாப்பிட்ட பில்லைப் பார்த்த பிறகு எனக்கு வந்த ஞானம் இது.

நீச்சல் தெரியாது. போகலாமா?

தாராளமாக. லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தே ஆக வேண்டும். குழந்தை அளவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். என்ஜின் முழுக்க நின்ற பிறகுதான் யாரும் இறங்க வேண்டும். இதை மாலுமியே சொல்வார், சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

லி கல்லி பக்கம் நாங்கள் எல்லோரும் குதித்தபோது மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மாலுமி ஒன்றும் பேசவில்லை. ஜாக்கெட்டை எடுத்து அவருக்கு மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, ஏணியின் கடைசிப் படியைக் கையால் தட்டிக் காட்டினார். இவர் ஒவ்வொரு படியாக இறங்கி அதில் உட்கார்ந்தார். இடுப்பு வரை தண்ணீர். நைட்டி பலூன் மாதிரி உப்பி மிதந்தது. கீழே எட்டு மீட்டர் ஆழத்தில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேலே வாருங்கள் என்று கூப்பிட்டால் “இரு” என்றார்.

சொறிமீன் சில நாட்கள் வரும். மாலுமி முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவார்.

குமட்டல், வாந்தி வருமா?

பேருந்தில் குமட்டல் வருபவர்களுக்கு இங்கும் வரலாம். படகு ஓடும்போது அவ்வளவாக வராது. நிறுத்தி ஆடும்போதுதான் அதிகம் வரும். வழக்கமாகப் போடும் மாத்திரை இருந்தால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள். மற்றபடி வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள்.

காற்று அடித்தால் காசு போச்சா?

நம் கடலோரத்தில் வாடை, கொண்டல், கச்சான் என்பது போல அங்கேயும் காற்றுக்குப் பெயர் உண்டு. வடமேற்கிலிருந்து மாயிஸ்த்ராலே, தென்மேற்கிலிருந்து லிபேச்சோ, தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ. கரை தெற்கைப் பார்த்திருப்பதால் மாயிஸ்த்ராலேயை மலை ஓரளவு தடுத்துவிடும். லிபேச்சோவும் ஷிரோக்கோவும் நேராக முகத்தில் அடிக்கும். வானம் பளிச்சென்று இருந்தும் படகு ரத்தாவது இதனால்தான். போகலாமா கூடாதா என்பது மாலுமியின் முடிவு. அவர் ரத்து செய்தால் வேறு தேதியோ முழுப் பணமோ தருவதுதான் நல்ல நடைமுறை. இதையும் எழுத்தில் வாங்குங்கள். பயணத்தின் கடைசி நாளில் படகை வைக்காதீர்கள். முதல் நாள் அல்லது இரண்டாம் நாள் வைத்தால் தள்ளிப்போட இடமிருக்கும்.

பிற்பகலில் கடல்காற்று எழும்பும். அதனால் காலை ஒன்பதுக்குக் கிளம்புவது, பதினொன்றுக்குக் கிளம்புவதைவிட எப்போதும் மேல்.

நாங்களே ஓட்டலாமாமே, லைசென்ஸ் வேண்டாமாமே?

உண்மைதான். இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையிலான சிறு படகை 18 வயது ஆனவர்கள் உரிமம் இல்லாமல் வாடகைக்கு எடுத்துக் கரைக்கு அருகிலேயே ஓட்டலாம். ஆனால் அந்தச் சட்டப்படி படகை எடுத்த நிமிடத்திலிருந்து பொறுப்பு முழுக்க உங்களுடையது. மாலுமியோடு எடுத்தால் பொறுப்பு படகுக்காரருடையது. கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், எங்கே நங்கூரம் கூடாது, பெரிய ஃபெர்ரி கிளப்பும் அலையை எப்படி எதிர்கொள்வது, இதெல்லாம் பத்து நிமிட விளக்கத்தில் வராது. நான் எடுக்க மாட்டேன். எடுப்பவர்கள் ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1530, இத்தாலியக் கடலோரக் காவல் படை.

படகில் கழிப்பறை உண்டா?

சில கோட்ஸோவில் முன்பக்கம் கீழே ஒரு பொந்து மாதிரி உண்டு. காகிதம் போடக் கூடாது. எல்லாப் படகிலும் இருக்காது, ஆகவே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

தொப்பி, வெயில் கிரீம், மாற்றுத்துணி, துண்டு, மாலையில் போர்த்த ஒரு மெல்லிய சால்வை. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம்.

இனாம்?

கட்டாயமில்லை. நாள் நன்றாகப் போனால் 30 முதல் 50 யூரோ கையில் கொடுக்கலாம்.

இவ்வளவு செலவு முடியாது, வேறு வழி?

ஃபெர்ரி இருக்கிறது. சலேர்னோ, அமால்ஃபி, பொசித்தானோ மூன்றையும் இணைத்துக் கோடை முழுக்க ஓடுகிறது. ஒரு துண்டுப் பயணம் பத்து யூரோவை ஒட்டி வரும். நினைத்த இடத்தில் நிறுத்தாது, குளிக்க முடியாது, ஆனால் அதே கரையை அதே கடலிலிருந்து பார்க்கலாம். சலேர்னோவில் முதல் படகைப் பிடியுங்கள். மேல்தளத்துக்கு ஏறி வலது கைப்பக்கம் இடம் போடுங்கள்; போகும்போது கரை அந்தப் பக்கம்தான் வரும். வரும்போது இடது.